லிப்ட் குழியில் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

இந்த வீட்டில் உனக்கு எதிரி யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: என் வீட்டுக்காரருடைய ரப்பர் செருப்பு. சர்ர்... சர்ர்... என்று படுக்கையறையிலிருந்து சமையலறை வரை தரையைப் பெருக்கிக்கொண்டே வருகிறார். இன்று காலையில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். “காலைத் தூக்கி வெச்சு நடந்தா என்னவாம்? தரைக்கு வலிக்குமா?”

“செருப்பு லூசும்மா” என்றார்.

போன வாரம்தான் புது ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அதுவும் லூசாம்.

வேலையில் ஓயாத கூட்டம். “அசையாதீங்க, சத்தம் வரும், பயப்படாதீங்க, முடிஞ்சதும் நானே வந்து வெளிய எடுப்பேன்” என்று சொல்லிச் சொல்லி வாய் காய்ந்துவிட்டது. ஸ்கேன் அறைக்கு வந்த நாளிலிருந்து மனிதர்களைப் படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் நான் சொல்வதைக் கேட்க ஆளில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் பாதி இடத்தை டேபிள் ஃபேன் பிடித்திருக்கிறது. எண்ணெய் போடுகிறேன் என்று பொங்கலுக்கு — இல்லை, அதற்கும் முன்னால் — பிரித்துப் போட்டவர். இறக்கை ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், திருகுகளெல்லாம் ஒரு காபி கப்பில். கேட்டால் “நாளைக்குப் பண்றேன்.” அந்த நாளை வந்தபாடில்லை.

வாழ்நாளெல்லாம் லிப்ட் ரிப்பேர் செய்தவர். பத்தாவது மாடியில் ஜனம் மாட்டிக்கொண்டு அலறும்போது வெற்றிலை போடுகிற நிதானத்தோடு கழற்றி மாட்டியவர். அவருக்கு ஒரு ஃபேனா பெரிய விஷயம்?

மகள் ஃபோனில் கேட்டாள், “அப்பா ஏம்மா இவ்வளவு அமைதியா இருக்காரு? நான் எப்ப வரேன்னு ரெண்டு தடவ கேட்டாரு.”

“ரிட்டயர் ஆன ஆம்பளைங்க அப்படித்தான். பேச ஆள் இல்லாம பேச்சே மறந்துடும்” என்றேன். நான் இங்கே ஆளாக இல்லையா என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

மார்ச் 12, புதன்

எங்கள் சென்டரில் ஓர் ஆய்வு நடக்கிறது. வயதானவர்களுக்கு மறதி வருவதற்கு முன்பே மூளைப் படத்தில் அதன் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குறையும் இல்லாத பெரியவர்கள் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வரவேண்டிய ஒருவர் வரமாட்டாராம் என்று ஆய்வுக்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “எங்க வீட்ல ஒருத்தர் சும்மாதான் உக்காந்திருக்காரு, அழைச்சிட்டு வரேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

இவருக்கு ஒரே பெருமை. “என் மூளைக்கு அவ்வளவு கிராக்கியா?”

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

முதலில் ஞாபகப் பரீட்சை. ஐந்து வார்த்தை சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திரும்பக் கேட்பார்கள். இவர் இரண்டு சொன்னார். “மத்த மூணும் லீவுல போயிருக்கும்மா” என்று சிரித்தார். ஆய்வுக்காரம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கடிகாரம் வரையச் சொன்னபோது பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொந்தக்காரர்களுக்கு நாங்களே படம் எடுக்கக்கூடாது. அடுத்த ஷிப்ட்டுக்காரர் எடுத்தார். நான் அவர் பின்னால் நின்றேன். மூளைக்கு நடுவில் நீர் இருக்கிற அறைகள் உண்டு. படத்தில் சின்னக் கறுப்புப் பட்டாம்பூச்சி மாதிரி தெரியும். இவருடைய பட்டாம்பூச்சி இறக்கையை அகல விரித்திருந்தது.

மூளை சுருங்கினால் காலியாகிற இடத்தில் தண்ணீர் நிரம்பும். எத்தனை தலைகளில் பார்த்திருக்கிறேன்!

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் கற்றுத் தந்ததில்லை. படத்தில் ஏதாவது தென்பட்டால் வாயைத் திறக்கமாட்டோம். ஆனால் அந்த ஆளிடம் கொஞ்சம் கூடுதல் அன்பு வந்துவிடும். போர்வையை இழுத்துவிடுவோம், எழுந்திருக்கக் கை கொடுப்போம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்போம். ஷிப்ட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். இவரைத் தோளில் கை கொடுத்து எழுப்பி உட்காரவைத்து, “தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?” என்று கேட்டார்.



மார்ச் 15, சனி

ஆய்வுப் படங்களுக்கு ரிப்போர்ட் மாதக் கடைசியில்தான் மொத்தமாக வரும். “டாக்டர் சொல்வாங்க, டாக்டர் சொல்வாங்க” என்று எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், பாவி.

மார்ச் 20, வியாழன்

இவரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இருக்கிற வரைக்கும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுப்புப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். பால் வாங்க அவர் போகும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“எனக்கு என்ன, கை இல்லையா?”

“இல்ல, சும்மா...”

நான் அவருக்குப் போர்வையை இழுத்துவிட ஆரம்பித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ?

மார்ச் 23, ஞாயிறு

எழுந்து பார்த்தால் படுக்கை விரிப்பு பால்கனிக் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது. தானே அலசி, தானே பிழிந்து போட்டிருக்கிறார். “டீ கொட்டிடுச்சு” என்றார். எங்கள் படுக்கையறையில் யாரும் டீ குடிப்பதில்லை. கொஞ்ச நாளாகவே கழிவறைக்கு அவசரமாகப் போகிறார்; போய்ச் சேருவதற்குள் ஆகிவிடுகிறது. இவர் வயதில் ஆண்களுக்கு இது சகஜம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொடியில் இருந்த விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கிவிட்டு வந்தேன். பிழியத் தெரியாமல் பிழிந்திருக்கிறார், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அழுகை வந்துவிட்டது.

மார்ச் 26, புதன்

பெரிய சண்டை.

ஃபேனைப் பார்க்கப் பார்க்க மனசு பிசைந்தது. இனி இவர் இதை மாட்டப்போவதில்லை. கண்ணெதிரே கிடந்து ஏன் குத்திக் காட்டவேண்டும்? எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டேன், பழைய சாமான் எடுக்கிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்று. கப்பில் இருந்த திருகுகளைக் கொட்டிய சத்தத்தில் வந்து நின்றார்.

“என்ன பண்ற?”

“குப்பை சேருதுங்க. புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்.”

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து நீ என்னை ஒரு மாதிரி பாக்குற. எனக்கு மறதி இருக்குன்னு எனக்கே தெரியும். நான் என்ன, செத்துட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?”

“அய்யோ, என்ன பேச்சு இது...”

“பெட்டிய அங்கேயே வை.”

வைத்தேன். ராத்திரி சாப்பிட்டு முடித்தார். சர்ர் சர்ர் என்று தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். என்னையே திட்டிக்கொண்டேன்: ஏன்டீ, உனக்கு யார் ரிப்போர்ட் எழுதச் சொன்னது? நீ படம் எடுக்கிறவள்தானே?

மார்ச் 28, வெள்ளி

ரிப்போர்ட் வரும்வரை பொறுக்க முடியவில்லை. அசரீரிக்கு ஃபோன் செய்தேன்.

அசரீரி என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் படங்களைப் படித்து எழுதுகிற டாக்டர். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது. ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் வரும்.

“சார், ஆய்வுல வந்த ஒரு பெரியவர் படம்... சும்மா ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அவர் ஒன்றும் கேட்காமல் படத்தைத் திறந்தார். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

“நல்லா சுருங்கியிருக்கு, இல்ல சார்?” என்றேன்.

“யார் சொன்னது?”

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நடுவுல தண்ணி அதிகம், சரி. ஆனா உச்சியப் பாருங்கம்மா. மூளை சுருங்கியிருந்தா உச்சியில மடிப்புகளுக்கு நடுவுலயும் இடைவெளி விட்டிருக்கணும். இங்க நெருக்கிப் பிடிச்சு நிக்குது. சுருங்கின இடத்துல தண்ணி வந்த மாதிரி தெரியல. தண்ணி வடியாம நின்னு, அது மூளையத் தள்ளுற மாதிரி இருக்கு. படத்த மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதுவா இருந்தா வைத்தியம் உண்டு.”

ஒரு துண்டுத் தாளை இழுத்து ‘வைத்தியம் உண்டு’ என்று எழுதிக்கொண்டேன்.

“ஆள் எப்படி நடக்குறாரு?”

“நடக்குறாரா?”

“ஆமாம்மா. நடை எப்படி? காலைத் தரையோட ஒட்ட வெச்ச மாதிரி இழுத்து இழுத்து நடக்குறாரா? சிறுநீர் அடக்க முடியாமப் போகுதா? மறதியோட இந்த ரெண்டும் சேர்ந்து இருக்கான்னுதான் முதல்ல கேக்கணும்.”

சர்ர். சர்ர்.

“சார்... அவரு என் வீட்டுக்காரர் சார்” என்றேன்.

கீபோர்டு சத்தம் நின்றது. “எனக்கு அப்பவே தெரியும்மா. சும்மா ஒரு சந்தேகத்துக்கு யாரும் இந்தக் குரல்ல பேசமாட்டாங்க. நரம்பு டாக்டர்கிட்ட சீக்கிரம் காட்டுங்க. இன்னிக்கே ரிப்போர்ட் போட்டுடறேன்.”

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒரே ஒருவரைத்தான் கொல்லப் பார்த்தேன், அதுவும் சொந்தப் புருஷனை.

மார்ச் 29, சனி

காலையில் அவர் எழுந்து வருவதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். திட்டுவதற்காகப் பார்க்கவில்லை, வெறுமனே பார்த்தேன். கால் இரண்டும் அகன்று நிற்கின்றன. பாதம் தரையை விட்டு எழவே இல்லை. திரும்பும்போது, குறுகலான இடத்தில் வண்டி திருப்புகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து திரும்புகிறார். இத்தனை நாளும் இதுவா என் கண்ணில் படவில்லை? என்னிடம் வருகிறவர்களை நான் படுத்த நிலையில்தானே பார்க்கிறேன். அவர்கள் எப்படி நடந்து வந்தார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? தலைதலையாகப் பார்த்துப் பார்த்து, காலைப் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. பழியை மட்டும் செருப்பின் மேல் போட்டாயிற்று.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் படத்தில் பார்த்தது, நானே முடிவு கட்டியது, அசரீரி சொன்னது, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் — மாதக்கணக்கில் நான் கேட்காத ஒரு குரலில், வேலைக்குப் போன காலத்துக் குரலில் — பேசினார்.

“லிப்ட்டுக்குக் கீழ ஒரு குழி இருக்கும். மழைத் தண்ணி இறங்கி அதுல நின்னுடும். லிப்ட் பாதில நிக்கும், கதவு திறக்காது, எந்த மாடின்னு அதுக்கே தெரியாது. பாக்குறவன் மோட்டார் போச்சும்பான். மோட்டார் நல்லாத்தான் இருக்கும். தண்ணிய இறைச்சு விட்டா ஓடும்.”

“அதேதாங்க” என்றேன்.

“எப்பவும் ஓடாது. ரொம்ப நாள் நின்னிருந்தா கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கும்” என்றார். அப்புறம் கையை நீட்டினார். “சாவியக் குடு. பால் வாங்கிட்டு வரேன்.”

கொடுத்தேன். அவர் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்றதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நரம்பு டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, “நடந்து காட்டுங்கப்பா” என்றாள். எனக்கு ஓங்கிக் குட்டியது மாதிரி இருந்தது.

முதுகின் கீழ்ப்பக்கத்தில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த பிறகு நடை தேறினால், தலையிலிருந்து வயிற்றுக்கு மெல்லிய குழாய் ஒன்றைத் தோலுக்கு அடியில் வைத்து நீரை வடியவிடலாம். ஆபரேஷன்தான். டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை. “நடை திரும்புறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஞாபகம் அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாது. கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார், “முதல்ல இறைச்சுப் பாருங்க டாக்டர்.”

ஏப்ரல் 15, செவ்வாய்

நீர் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் நடக்கவைத்து ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் மறுபடி நடக்கவைத்தார்கள். பெரிய மாற்றம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

திரும்பிவிட்டார்! நடைக்கூடத்தின் கோடிவரை போய், சுவரைப் பிடிக்காமல், சட்டென்று திரும்பி என்னைப் பார்த்து நடந்து வந்தார். பாதம் தரையை விட்டு எழுந்தது, நான் பார்த்தேன். நர்ஸ் கைதட்டினாள். நான் பொது இடம் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

“எதுக்கு அழற? விழுந்தா அழு” என்றார்.

இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடுமாம், நீர் மறுபடி சேர்ந்துவிடுமாம். பரவாயில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது.

மே 5, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். மகள் வந்துவிட்டாள். தலையை மழித்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இப்பதான் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கேன்” என்றார். மகள் சிரித்தாள். அவள் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒருவேளை சரியா வரலன்னா, அந்தப் பெட்டிய மட்டும் தூக்கிப் போட்டுடாத.”

“போடமாட்டேன்.”

“நானே தூக்கிப் போடச் சொன்னாலும்.”

மே 6, செவ்வாய்

முடிந்தது. கண் விழித்தார். என்னைப் பார்த்து “டீ?” என்றார்.

மே 12, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. சர்ர் அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊருக்கே தெரியும். டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு வால்வு இருக்கிறது. நீர் எவ்வளவு வடியவேண்டும் என்பதை வெளியிலிருந்தே காந்தத்தால் திருப்பி வைக்கலாமாம். புதன்கிழமை வரச் சொன்னாள்.

காந்தம் என்றதும் நினைவு வந்தது. எங்கள் ஸ்கேன் மெஷினே ஒரு பெரிய காந்தம்; இனி அதில் படம் எடுத்தால், அதன் பிறகு இவருடைய வால்வைச் சரிபார்க்கவேண்டும். சொன்னேன். “அப்ப உன் ஆபீஸ் பக்கமே வரமாட்டேன். உன்கிட்ட படம் எடுத்தா அரை உசுரு போயிடுது” என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மே 24, சனி

வால்வைத் திருப்பி வைத்துப் பத்து நாள் ஆகிறது. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் காற்று. ஃபேன் ஓடுகிறது. இவர் அதற்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மகாராஜா மாதிரி. கப்பில் ஒரே ஒரு திருகு மிச்சம்.

“இது எதுக்குங்க?”

“எக்ஸ்ட்ரா.”

“மறை கழண்டது ஃபேனா நீங்களா?”

“ஓடுதில்ல? ரெண்டு பேருக்கும் ஒண்ணு குறைவு, ரெண்டும் ஓடுது” என்றார். மகளுக்கு ஃபோன் போட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்கவைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை; அழுகிறேனா சிரிக்கிறேனா என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மறுபடி ஞாபகப் பரீட்சை. இந்தத் தடவை நான்கு வார்த்தை. கடிகாரத்தையும் வரைந்துவிட்டார், முள் கொஞ்சம் கோணல். எல்லாம் திரும்பிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாடி வீட்டுக்காரர் பெயர் இன்னும் வரவில்லை, “தலைவரே” என்று கூப்பிட்டுச் சமாளிக்கிறார். நேற்று தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு மறந்துபோனார். நான் ஓடிப்போய் அணைக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுச் சொன்னேன், அவரே வந்து அணைத்தார். காலையில் கொடியில் ஈர விரிப்பைப் பார்த்துப் பல நாளாகிறது.

வேலையில் எனக்கு ஒரு புதுப் பழக்கம். முன்பெல்லாம் வரிசை எண்ணைக் கூப்பிட்டுவிட்டு உள்ளேயே காத்திருப்பேன். இப்போது வெளியே போய், வயதானவர்களை நானே கூட நடந்து அழைத்து வருகிறேன். நேற்று ஒரு அம்மா காலை இழுத்து இழுத்து வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. படத்தோடு போகிற குறிப்பில் மட்டும் “நடை கவனிக்கவும்” என்று எழுதினேன். அசரீரி ஃபோனில் வந்து, “அம்மா, உங்களுக்கு இப்ப கீழயும் கண்ணு தெரியுது போல” என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மகள் வருவதற்குள் என்னென்ன வாங்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருந்தேன். காதோரம் திடீரென்று ஒரு குரல், “இன்னும் என்னைப் பத்தித்தான் எழுதுறியா?”

தூக்கிவாரிப் போட்டது. பேனா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பார்த்தால் இவர், கையில் எனக்கும் சேர்த்து டீயோடு நிற்கிறார். அதே ரப்பர் செருப்புதான் காலில்.

“ஏங்க, ஒரு சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதா!” என்று கத்தினேன்.